மதிலுக்கு அந்தப் பக்கம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இதைப் பகிடிக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். கம்பஸில் பொதுச் சுகாதாரம் படிக்கிற முஸ்பிறா, இறுதி வருட ஆய்வுக்காக எங்கட சாய்ந்தமருதில் வீடு வீடாக ஏறி, கிணற்றுக்கும் கக்கூசுக் குழிக்கும் இடையில் நாடா பிடித்து அளந்து திரிந்தாள். என் வீட்டு வளவுக்கும் வந்தாள்.

"மாமி, உங்கட குழி எங்க?"

"ஏன் புள்ள, இறங்கிப் பாக்கப் போறியா?"

இப்படித்தான் தொடங்கினேன். சிரிப்பு வருகிறதுதானே? எனக்கும் வந்தது. பிறகொரு நாள் அவள் ஓடி வந்து, என் அடுப்படியில் இருந்து மிச்சத்தைச் சொன்னாள். அல்லாஹ்வே! பகிடி அதோடு சரி.

2

வேறு தொடக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"கிழக்கிலங்கைக் கரையோரத்தின் மணற்பாங்கான தரையமைப்பில் நிலத்தடி நீரானது

[விட்டுவிட்டேன். கட்டுரைப் போட்டிக்கு அனுப்புகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் விஷயம் உண்மை. எங்கட மணல் தண்ணியை மறிக்காது. குழிக்கும் கிணற்றுக்கும் அம்பது அடியாவது வேணும் என்றுதான் அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள்.]

3

முஸ்பிறாவுக்கு ஒரு ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள், றுக்ஸானா. ராத்தாவின் மகன் பஸால், இன்னும் தவழத் தொடங்காத பிள்ளை. அவனுக்கு வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் வைத்து, சேலைன் ஏற்றி, சுகமாக்கிக் கொண்டு வருவார்கள். கொஞ்ச நாளில் திரும்பவும் போகும். கடைசித் தரம் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா இப்பிடி வந்தா புள்ள தாங்காது."

முஸ்பிறாவுக்கு முதல் சந்தேகம் ராத்தாவில்தான். [எனக்கு முஸ்பிறாவில். படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் மடையர்கள் என்றொரு எண்ணம். இந்தப் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் நல்லவளாக எழுதலாமா என்று யோசித்தேன். அவள் இப்படித்தான், விடுங்கள்.]

"ராத்தா, தண்ணியக் கொதிக்க வச்சுத்தானே குடுக்கிறாய்?"

"ஓம் புள்ள, ஓம்! எத்தின தரம் கேப்பாய்? பால்மா கரைக்கிற தண்ணி, போத்தல் கழுவுற தண்ணி, எல்லாம் கொதிக்க வச்சதுதான். கேஸ் சிலிண்டர் எவ்வளவு கெதியா முடியுதெண்டு வந்து பாரு."

பொய்யில்லை. றுக்ஸானா அவ்வளவு சுத்தக்காரி. "உங்கட ராத்தா தண்ணியையும் கழுவித்தான் குடிப்பா" என்று முஸ்பிறாவிடம் மச்சான், றுக்ஸானாவின் புருஷன், பகிடி பண்ணுவார்.

4

வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கட பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். புதுக் காணி வாங்க வழியில்லாத தகப்பன், இருக்கிற வளவைத் துண்டு போட்டு, நடுவில் மதில் எழுப்பி, அடுத்த பிள்ளைக்கும் வீடு கட்டுவார். வீடு கூடும், வளவு கூடாது.

இவர்களுடைய வாப்பா ஜவுபரும் நாவிதன்வெளி வயலை விற்று, கலியாணம் பேசி முடித்திருந்த முஸ்பிறாவுக்கு அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் வளவு. வீடு முடியவில்லை. கக்கூசு மட்டும் முந்தி முடிந்து, மேசன்மார் பல மாதமாகப் பாவித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் பின்னேரம் முஸ்பிறா அஸர் தொழுதுவிட்டு, புதுவீட்டின் கொங்கிறீட் தட்டில் ஏறி நின்று கீழே பார்த்தாள்.

கீழே நின்றால் மதில்தான் தெரியும். மேலே நின்றால் மதில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுடைய குழி. அந்தப் பக்கம், ஒட்டினாற்போல, ராத்தாவின் கிணறு.

ஊர் முழுக்க அவள் அளந்தது ஒரே வளவுக்குள்ளே: உங்கட கிணறு, உங்கட குழி. ராத்தாவின் வளவையும் அப்படியே அளந்து, நல்லம் என்று சரி போட்டிருந்தாள். மதிலைத் தாண்டி ஒரு வீட்டிலும் நாடா பிடிக்கவில்லை. மண்ணுக்குக் கீழே ஓடுகிற தண்ணிக்கு மதில் ஏது, பங்கு ஏது?

"யா அல்லாஹ், என்ட வீடு! என்ட வீட்டுக் குழி!" என்று வாய்விட்டுக் கத்தினாளாம்.

[நான் என் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். கதையைக் கவனியுங்கள். றுக்ஸானா கொதிக்க வைக்கிறவள்தானே, பிறகெப்படி என்று கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.]

5

இறங்கி ஓடினாள். ராத்தா பஸாலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணி.

"இது என்ன ராத்தா?"

"புள்ளைக்குக் கண்ணூறு, ஆரோ கண் வச்சிட்டாங்க. வாப்பா தண்ணியப் பள்ளி லெப்பைட்டக் கொண்டு போய் குர்ஆன் ஓதி எடுத்து வந்தாரு. ஒவ்வொரு தரமும் ஓதித்தானே குடுக்கிறம்."

"எங்கத்தத் தண்ணி?"

"நம்மட கிணத்துத் தண்ணிதான்."

"கொதிக்க வச்சியா?"

றுக்ஸானா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓதின தண்ணிய ஆராவது அடுப்பில வைப்பாங்களா? நஊதுபில்லாஹ்! படிச்சுப் படிச்சு உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

சொல்லிக்கொண்டே கரண்டியில் ஊற்றினாள்.

[ஓதியதில் பிழையில்லை. நானும் ஓதிக் குடிக்கிற ஆள்தான். முதலில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பிறகு ஓதியிருக்கலாம். முந்தியது பிந்திப் போச்சு, அவ்வளவுதான். "அவ்வளவுதான்" என்று எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.]

6

முடிவு அ. முஸ்பிறா விளக்குகிறாள், ராத்தா கேட்கிறாள், வாப்பா குழியை மூடுகிறார், மாப்பிள்ளை வீட்டார் பரவாயில்லை என்கிறார்கள். [எங்கட ஊர் மாப்பிள்ளை வீட்டாரா? கக்கூசு இல்லாத வீட்டுக்கா? போங்க.]

முடிவு ஆ. போத்தலைப் பறித்து நிலத்தில் ஊற்றுகிறாள். ஓதின தண்ணியைக் கொட்டினவள் என்று ராத்தா கன்னத்தில் அறைகிறாள். விடிந்தால் வாப்பா அடுத்த போத்தலோடு வருவார்.

முடிவு இ. விற்ற வயலை நினைத்து, வரப்போகிற கலியாணத்தை நினைத்து, வாயைப் பொத்திக்கொள்கிறாள். பஸால்

7

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. "ராத்தா கரண்டிய வாய்க்கிட்டக் கொண்டு போனா மாமி, நான்..." என்கிற வரைக்கும்தான் சொன்னாள். அப்போது போன் அடித்தது. வாப்பா. காதில் வைத்துக் கேட்டாள். செருப்பும் போடாமல் ஓடிவிட்டாள்.

அடுத்த ஒழுங்கையில், ஒரு சந்து தள்ளித்தான், அவர்கள் வீடு. போய்க் கேட்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, போகவில்லை.

என் கதையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. கரண்டி மேலே நிற்கிறது. அடுத்த வரியை நான் எழுதினால்தான் அது இறங்கும். எழுதமாட்டேன். நீங்கள் எழுதுவதென்றால், முதலில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.