குவாங் ராயாவின் பதில்

காலையில் எழுந்து தண்ணீர் சுட வைத்தேன். பல் துலக்கினேன். ரொட்டியில் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமைத் தடவித் தின்றேன். நேற்றைய சட்டையையே போட்டுக்கொண்டு லூனாஸிலிருந்து மலையடிவாரத்துக்குக் காரை ஓட்டினேன். ஞாயிறுதோறும் இதுதான்.

போன மலேசிய தினத்தன்று என் மனைவி காஞ்சனாவும் நானும் இந்தக் காட்டுக்கு வந்தோம். நான் ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஓடி வந்தாள். குவாங் ராயா கூப்பிட்டது என்றாள். நீண்ட வால் கொண்ட காட்டுக்கோழி அது. குரல் மலை தாண்டிக் கேட்கும், உருவம் லேசில் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அதற்காக அலைந்தவள். ஆற்று இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று இரவே இறந்துபோனாள். மூளையில் இரத்தக் கசிவு. இல்லாத சத்தம் ஏதும் கேட்பதாகக் காலையில் சொன்னாரா என்று மருத்துவர் கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஞாயிறுதோறும் வருகிறேன். இங்கே அந்தப் பறவை இருந்தால், அவள் கேட்டது பறவை. இல்லாவிட்டால் நோய்.

இந்த ஞாயிறும் கைப்பேசியில் குவாங் ராயாவின் குரல் பதிவை ஒலிக்கவிட்டேன். குவாவ்.

மேட்டுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. குவாவ்.

மறுபடி போட்டேன். மறுபடி பதில். பிரம்பு முள்ளில் சட்டை கிழிய ஏறினேன். அந்தக் குரலும் என்னை நோக்கி நெருங்கி வந்தது.

புதரை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். பெரிய தொப்பை, கழுத்தில் பைனாகுலர், கையில் சின்ன ஸ்பீக்கர்.

"அடப்பாவி, நீங்கதானா? முட்டி தேஞ்சுபோச்சு லா, தம்பி!"

"நானும் உங்களப் பறவைன்னு நெனச்சேன், அண்ணே."

"இந்தத் தொப்பையோடவா? என் பொண்டாட்டி கேட்டா மூணு நாளைக்குச் சிரிப்பா."

பெயர் முகம்மது கவுஸ், கூலிமில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறேன் என்றார். மலேசிய தினத்தன்று வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தேனே. கடைக்கு லீவு."

"இதப் போட்டீங்களா?"

"போட்டேன். ஒண்ணு பதில் சொல்லுச்சு. அதுவும் உங்கள மாதிரி ஒரு ஆளான்னு இப்பதான் சந்தேகம் வருது."

"அன்னைக்கு நாங்க எதுவும் போடல. ஹேண்ட்போன் கார்ல கெடந்துச்சு."

"அப்ப பறவைதான் லா!" என்று என் முதுகில் தட்டினார்.

பறவை, அல்லது அவருடைய ஸ்பீக்கர். எதுவானாலும் அன்று காலை வெளியே ஒரு சத்தம் இருந்திருக்கிறது. அவர் நீட்டிய தே தாரிக் தேநீரை வாங்கிக் குடித்தேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததா என்று தெரியவில்லை.

மலேசிய தினத்தன்று சாயங்காலம், தலை வெடிக்கிறது என்றாள் காஞ்சனா. மருத்துவமனைக்குக் காரை விரட்டினேன். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் லாரிகள். பயத்தில் நான் ஏதேதோ பேசிக்கொண்டே போனேன். கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"கொஞ்சம் பேசாம ஓட்டுங்களேன். மறுபடியும் கூப்பிடுது."