பச்சைக் கதவு

இறந்துபோன ஆறாம் மாதத்திலிருந்து முத்துச்செல்வி தினமும் மதியம், கழுகுமலை ரோட்டுக் காலி மனையில் தரைக்கு நாலடி மேலே சுற்றிக்கொண்டிருந்தாள். அவளும் கணவர் கிருஷ்ணராஜும் குடியிருந்த வாடகை வீடு அங்கேதான் இருந்தது. மழைச் சகதிக்குப் பயந்து மேடையிட்டுக் கட்டிய வீடு. வாசல்படி அந்த உயரம். வெயில் தாழ்ந்ததும் போய்விடுவாள். முதலில் பார்த்தவள் எதிரே டீக்கடை வைத்திருக்கும் பதருன்னிசா. பால் பொங்காமல் அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, அக்கா வந்திருக்காவ. வீட்டைக் காணாம சுத்துதாவ."

கிருஷ்ணராஜுக்கு உடனே புரிந்தது. ராணித் தேனீ வளர்ப்பது அவர் தொழில். கன்னி ராணிகளைச் சின்னப் பெட்டிகளில் கொஞ்சம் தேனீக்களோடு குடிவைத்து, கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றும் ஒரு திசை பார்க்க இரும்புக் கால்கள்மேல் நிறுத்துவார். மதியம் பறந்துபோய் ஆண் தேனீக்களோடு கூடும் ராணி, தன் பெட்டிக்கே திரும்ப வேண்டும். அடையாளத்துக்குப் பெட்டிக்கொரு நிறம். பெயின்ட் அடிப்பது முத்துச்செல்வி. மிஞ்சிய பச்சையை வீட்டுக் கதவுக்கு அடித்திருந்தாள். ராணி வெளியே போயிருக்கையில் பெட்டியை நகர்த்திவிட்டால், அது பழைய இடத்தின் வெறுங்காற்றையே சுற்றிச் சாகும். பெட்டி வாங்க வருகிறவர்களுக்கு அவர் இதை அதட்டியே சொல்வார்.

அப்படிப்பட்டவர்தான், அவள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, திரும்பி வருகிறவள் ஒழுகாத வீட்டில் கால் வைக்கட்டும் என்று புது வீட்டுக்குச் சாமான்களை மாற்றினார். அவள் வரவில்லை. பழைய வீட்டை உடைமைக்காரர் இடித்தார்.

"ஊருக்கெல்லாம் பெட்டியை நகட்டாதேன்னு ஏசுவிய. நீங்க வீட்டையே நகட்டிட்டியளே!" என்றாள் பதருன்னிசா.

அவர் கூப்பிட்டது முத்துச்செல்வி காதில் விழவில்லை. நாளுக்கு நாள் மெலிந்தாள். ஐப்பசியில் அவள் வழியாக டீக்கடைப் போர்டைப் படிக்க முடிந்தது.

பழைய மரக்கடைகளில் அலைந்து, மணியாச்சியில் அந்தப் பச்சைக் கதவை நிலையோடு பிடித்தார் கிருஷ்ணராஜ். அதே இடத்தில், முன்போலவே கிழக்குப் பார்க்க, நாலு கால்மேல் ஏற்றி நிறுத்தினார். பழக்கதோஷத்தில் எறும்பு ஏறாதிருக்கக் கால்களுக்கடியில் தண்ணீர்க் கிண்ணமும் வைத்தார். மதியம் அவள் வந்தாள், கதவைத் தடவிப் பார்த்தாள், திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். பின்பக்கம் ஓடிப் பார்த்தவர்களுக்கு உளுந்தங்காடுதான் தெரிந்தது.

"திறந்துதான் பாருங்களேன், அண்ணாச்சி."

"வந்து அடைஞ்ச ராணியைத் திறந்து பாக்கப்படாதும்மா. கலைஞ்சிரும்."

அவர் இன்றுவரை திறக்கவில்லை. சாயங்காலம் கதவுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்கிறார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் ஓய்ந்ததும் எழுந்து, ஒழுகாத வீட்டுக்குத் தனியே போகிறார். கழுகுமலை பஸ்கள் இப்போது அங்கே நிற்கின்றன. 'பச்சைக் கதவெல்லாம் இறங்கு' என்கிறார்கள் கண்டக்டர்கள்.