மூன்று விடுமுறைக் கம்பெனி

காதர் பாட்சா மொதலாளியின் கம்பெனி நாற்பத்தொன்பதாம் வருஷத்தில் ஒரு குடைக்கடை. ஐம்பத்திரண்டில் அது என்ன கம்பெனி என்று கேட்டால், அங்கே தபால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே சட்டென்று சொல்ல வராது. குடை, பேனா, கைக்கடிகாரம், சைக்கிள் சாமான், கோட்டுச்சேரியில் ஓர் அரிசி மில். போர்டு கடையைவிட நீளமாகி, கடைசி இரண்டு சொற்கள் பக்கத்து வீட்டுச் சுவரில் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டபோது, அந்த வீட்டையும் சீக்கிரம் வாங்கிவிடுவோம் என்று மொதலாளி ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அப்படி வளர்ந்த கம்பெனியில் வளராத ஒன்று, பிரெஞ்சு எழுதத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை. அது அன்றும் ஒன்று, இன்றும் ஒன்று. அந்த ஒன்றுக்குப் பெயர் அம்பலவாணன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெவே பரீட்சை வரை படித்தவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் சுங்க ஆபீசுக்கு எந்தக் கடுதாசி போனாலும் அவர் கைபட்டுத்தான் போகும். மூன்று வருஷத்தில் குமாஸ்தா, பெரிய குமாஸ்தா, மேனேஜர், பொது மேனேஜர் என்று நாலு பட்டம் வாங்கினார். நாற்காலி மட்டும் பழையதுதான்.

மொதலாளிக்குத் தன் கம்பெனியில் மிகவும் பிடித்த விஷயம் விடுமுறை. மற்ற கம்பெனியில் வாரத்துக்கு ஒரு லீவு, நம்மிடம் மூன்று வகை லீவு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பொய்யில்லை. கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு. சுங்க வேலை பார்க்கும் பிரிவுக்கு, ஆபீஸ் மூடியிருப்பதால், ஞாயிறு லீவு. மில்லில் ஆட்கள் அமாவாசைக்கு வரமாட்டார்கள், அதனால் அங்கே அமாவாசை லீவு. அம்பலவாணன் மூன்றுக்கும் பொது மேனேஜர். வெள்ளிக்கிழமை சுங்க ஆபீஸ் திறந்திருக்கும், போவார். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும், போவார். அமாவாசையன்று இரண்டுமே திறந்திருக்கும். இது தற்செயலாக அமைந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

அம்பலவாணன் மகள் தையல்நாயகியைப் பெண் பார்க்க நெடுங்காட்டிலிருந்து வைத்தியலிங்கம் என்ற பெரிய விவசாயி, பள்ளிக்கூட வாத்தியாரான மகன் சோமசேகரனோடு இரண்டு முறை தருமபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வந்துபோனார். முதல் முறை துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல் வந்திருந்ததால் பெண்ணின் அப்பா வீட்டில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார். காப்பி வருவதற்குள் கம்பெனி ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் முறையும் தகப்பனார் இல்லையென்றால் இந்த வீட்டுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று வைத்தியலிங்கம் சொல்லியனுப்பினார். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. தடை என்று பார்த்தால் கம்பெனி ஒன்றுதான்.

அம்பலவாணன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை லீவாகக் கேட்டார். மொதலாளி மனம் நெகிழ்ந்து கொடுத்தார். கொடுத்த மனசு வீட்டில் சும்மா இருக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்குக் கறுப்பு சித்ரோன் காரில் அவரே தருமபுரம் கிளம்பினார், மரியாதைக்காக. மடியில் அல்வாப் பெட்டி. பின்சீட்டில் நான், என் மடியில் திங்கட்கிழமை காலைக்குள் பிரெஞ்சில் பதில் போகவேண்டிய ஃபைல்.

நாங்கள் போனபோது எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போயிருந்தாள். அம்பலவாணன் கையில் காப்பி டம்ளரோடு, சலவைச் சட்டையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மொதலாளி உட்கார்ந்ததும் அது கல்யாண வீடாக இல்லை. குடையில் ஆரம்பித்து மில்லுக்கு வந்து, மில்லிலிருந்து இன்னும் வாங்காத இரண்டு படகுக்குப் போனார். முப்பது பேர் இருந்த இடத்தில் நூறு பேர் என்றார். எல்லாம் அல்லா கொடுத்த பரக்கத்து என்றார். மூன்று லீவையும் சொன்னார்.

வைத்தியலிங்கத்துக்கு ஆசை வந்துவிட்டது. வாத்தியார் வேலையில் என்ன இருக்கிறது, பையனுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மொதலாளிக்குத் தயக்கம் தெரியாது.

"வர்ற ஞாயித்துக்கிழமையே வந்துடச் சொல்லுங்க. உதவி மேனேஜர்."

சோமசேகரன் தரையைப் பார்த்தான். உள்ளே வளையல் சத்தம் கேட்டு நின்றது. வைத்தியலிங்கம் அம்பலவாணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. அங்கேயே இருக்கிறவரு. புள்ளைக்கு நல்ல எடந்தானா?"

இல்லை என்றால் மொதலாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆமாம் என்றால் மகளுக்கு வாய்க்கப்போவது வீட்டுக்கு வராத புருஷன். அம்பலவாணன் கண்ணை மூடி ஆழ்ந்து யோசிப்பதுபோல் இருந்தார்.

"யோசிச்சுத்தான் பேசுவாரு. அதான் அவருகிட்ட எனக்குப் பிடிச்சது" என்றார் மொதலாளி.

நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கு முதலில் தெரிந்தது. மற்றவர்களுக்குக் குறட்டை கேட்டபிறகு தெரிந்தது.

அவர் மனைவி ராஜம் உள்ளேயிருந்து வந்தாள். பதற்றமே இல்லை. பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி டம்ளரை எடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தலை சரியாமல் சுவரோடு சாய்த்துவைத்தாள். தினமும் செய்கிறவள் கை அது. சோமசேகரன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மெதுவாக, தூங்குகிறவருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல, சொன்னான்.

"மன்னிச்சுக்குங்க மொதலாளி. எனக்குப் பள்ளிக்கூடமே போதும். அப்பா, பொண்ணு பிடிச்சிருக்கு. தேதியப் பாருங்க."

வைத்தியலிங்கம் மகனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மொதலாளிக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஒரு நல்ல வாய்ப்பைப் பையன் விட்டுவிட்டான் என்று காருக்குப் போகும் வழியில் எனக்குச் சொன்னார். மனுஷன் அசந்து தூங்குகிறார், எழுப்பாதே என்று கண்டிப்பாகவும் சொன்னார். எழுந்ததும் பதிலை எழுதி வாங்கிக்கொண்டு நடந்து வந்துவிடு என்றார்.

கார் போயிற்று. நான் ஃபைலோடு திரும்பிவந்து சுவரோரம் உட்கார்ந்தேன். நெடுங்காட்டார் நாள் குறித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வீடு அடங்கியது. ராஜம் வந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நீங்களும் அங்கதானே அண்ணே? சித்த சாஞ்சுக்குங்க" என்று ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டாள்.