வாசலில் நின்ற லாரி

1

இந்தக் கதை ஒரு தவறில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கணினிக் கடையில் பிரிண்டர் மை வாங்க நின்றிருந்தேன். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி தன் கணவனோடு இரண்டு மடிக்கணினிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்:

மகனின் படிப்புக்காக ஜூலியானா கடையேறினாள். கணினியைப் பற்றி அவளுக்கு ஒரு

அந்த வாக்கியத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

2

கடையில் விற்பனைக்கு நின்ற தேவனும் என்னைப் போலத்தான்.

"பிள்ளைக்கா, அக்கா?"

"எனக்கு."

"படம் பாக்க, டைப் அடிக்கவா? அப்ப இந்தச் சின்னது போதும் லா."

"கட்டடம் வரைய," என்றாள் ஜூலியானா.

(தேவன் பெரியதை முன்னால் நகர்த்தினான். என் வாக்கியம் பாதியில் நின்றது இங்கேதான்.)

இனி வருவது பாதி காதில் விழுந்தது, பாதி நான் கட்டியது. கமுந்திங்கில் ஒரு கட்டடக் குத்தகையாளர் அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போனவள், பக்கத்து மேசையைப் பார்த்தே வரையக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக வரைகிறாள். வரைபடத்தின் வலது மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் மட்டும் எப்போதும் முதலாளியின் பெயர்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்து மாதா கோவிலுக்குப் புது மண்டபம் கட்டப்போகிறார்கள். அதைத் தானே வரைந்து, மூலையில் முதன்முறையாகத் தன் பெயரைப் போட்டிருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் செயற்குழுவுக்குத் திரையில் சுற்றிக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் அது அவள் மண்டபம். பிடிக்காவிட்டால் வேலை முதலாளியிடம் போகும், மூலையும் அவரிடம் போகும்.

3

தேவனுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது.

"சின்னதுல கிராபிக்ஸ் உள்ளுக்கே சேந்து இருக்கு, அக்கா. கூட்டுக் குடும்பம் மாதிரி, எல்லாருக்கும் ஒரே அடுப்பு. பெருசுல தனி கிராபிக்ஸ். தனிக்குடித்தனம், அடுப்பும் தனி.*"

"தனியாவே குடு தம்பி," என்றான் கணவன் ஆம்புரோஸ். லாரி ஓட்டுகிறவன், குரலும் அதற்கேற்றதுதான். "எம் பொண்டாட்டி மண்டபமே கட்டுறா, சும்மாவா!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஜூலியானா வெட்கப்பட்டாள் என்று எழுதினேன். இல்லை, அவளுக்குப் பிடித்திருந்தது.

* தனி அடுப்புக்கு எரிபொருளும் தனியாக வேண்டும். இதைத் தேவன் சொல்லவில்லை.

4

பென்டிரைவைச் செருகினாள். சின்னதில் மண்டபம் விக்கி விக்கித் திரும்பியது. பெரியதில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆம்புரோஸ் கைதட்டினான்.

[ஒரு முடிவு: பெரியதை வாங்கினார்கள், ஊரே பாராட்டியது. எனக்கு வேலை மிச்சம். ஆனால் ஜூலியானா விடவில்லை.]

"வயர புடுங்கு தம்பி."

"ஏன் அக்கா?"

"பழைய மண்டபத்த இடிச்சப்பவே அங்க கரண்ட வெட்டிட்டாங்க. இப்ப போட்டிருக்கிற கொட்டகையில பேட்டரியிலதான் காட்டணும். புடுங்கு."

பிடுங்கினான். பெரியதின் விசிறி இரைந்தது, பேட்டரி மளமளவென்று இறங்கியது, மண்டபம் அதிலும் விக்கத் தொடங்கியது.

அவள் சின்னதுக்கே திரும்பி, அதன் வயரையும் பிடுங்கினாள். வரைபடத்தில் எது கனக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் அகப்பட்டது, மண்டபத்து வாசலில் நின்ற லாரி. ஆம்புரோஸ் ஆசைப்பட்டான் என்று இணையத்திலிருந்து இறக்கி நிறுத்தியிருந்தாள். அதில் சக்கரத்து ஆணிகள்கூட ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தன. முழு மண்டபத்தையும்விட அந்த லாரிதான் பாரம்.

அதை மறைத்தாள். சின்னதிலேயே, பேட்டரியிலேயே, கூரையும் சன்னல்களும் தயங்காமல் சுற்றி வந்தன.

"பாகுஸ், அக்கா!" என்று மலாயில் பாராட்டினான் தேவன். இதை அவன் விற்பதற்காகச் சொல்லவில்லை.

எனக்கும் பெருமை தாங்கவில்லை. (எனக்கென்ன உரிமை? இவளை மகனுக்குப் பை தூக்க அனுப்பியவன் நான்.)

அவள் கணவனைப் பார்த்தாள். "உங்க லாரிதான் போவுது."

ஆம்புரோஸ் திரையருகே குனிந்து, வலது மூலையில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"லாரிய நான் நெசமாவே கொண்டாந்து நிறுத்துறேன் லா," என்றான். "நீ மண்டபத்த காட்டு."

5

ஞாயிற்றுக்கிழமை குழு என்ன சொன்னது? தெரியாது. நான் மையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள். கூரைக்கு வேறு நிறம் அடியுங்கள், குழுவில் ஒருவரைக் குறுக்கே பேச விடுங்கள், லாரியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள்.

வலது மூலையில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஜூலியானா எழுதிவிட்டாள்.