ஃபங்ஷன் முடிகிற இடம்

அப்பாவுவின் அலறல் கேட்டு, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் மோட்டார் கொட்டகைக்கு ஓடினார்கள். பெல்ட் அவனுடைய வலது கையைச் சக்கரத்துக்குள் இழுத்திருந்தது. மோட்டார் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. யாரோ மெயின் ஸ்விட்சை இறக்கியபோது முழங்கைக்குக் கீழே தோலும் எலும்பும் தனித்தனியாகத் தொங்கின. கொட்டகைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது.

லோடு ஆட்டோவில் ஏற்றும்போது அப்பாவு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"செவப்பு பட்டன அமுக்கிட்டுத்தான் கைய வெச்சேன். அமுக்கிட்டுத்தான் வெச்சேன்."

அந்தச் சிவப்பு பட்டன் மோட்டாரை ஃபோனிலிருந்து ஓட்டும் பெட்டியில் இருந்தது. பெல்ட்டில் பாசி சிக்கினால் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை வைக்கலாம். அதை அமுக்கினால் பெட்டிக்குள் லாக் விழும், யார் சொன்னாலும் மோட்டார் ஓடாது என்றுதான் உப்பளத்தாருக்குச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைச் செய்தது புதுச்சேரியில் அப்பாதுரை என்பவர் நடத்திய சின்ன கம்பெனி. அதற்குள் ஓடும் புரோகிராமை, ஃபங்ஷன் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து எழுதியவர்கள் மூன்று பேர். அப்பாதுரை ஒருவர். மற்ற இருவர் மரக்காணத்துக்காரனான ஆரோக்கியராஜும் பிரம்மதேசத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் தமிழ்நிலாவும்.

மறுநாள் காலை மூவரும் உப்பளத்துக்கு வந்தார்கள். அப்பாவுவின் அண்ணன் சடையப்பன் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தான். உப்பளத்துக்கு மேஸ்திரி அவன்தான். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றதில் கண் சிவந்திருந்தது. தம்பியின் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். அவனுடைய சித்தப்பா மகன்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள்.

அப்பாதுரை மெயின் ஸ்விட்சை ஏற்றிவிட்டு, லேப்டாப்பைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் பெட்டிக்குக் கேபிள் போட்டார். டீபக்கரை ஓடவிட்டார். புரோகிராமை ஒவ்வொரு கட்டளையாக நடக்கவைத்து, எந்த இடத்தில் எது மாறுகிறது என்று காட்டும் கருவி அது. லாக் மாறினால் உடனே நில் என்று அதற்குச் சொல்லிவைத்தார். கொஞ்ச நேரத்தில் திரை நின்றது.

"ராஜ், இது உன் ஃபங்ஷன்தானே?"

"ஆமா சார். லாக் இருக்கான்னு பார்க்கறது."

"உள்ள வரும்போது லாக் ஒண்ணுன்னு இருக்கு. முடியற எடத்துல சைபர் ஆவுது பாரு. நீ எழுதினதுதான் லாக்கக் கழட்டுது."

ஆரோக்கியராஜ் திரையை உற்றுப் பார்த்தான். "சார், நான் லாக்கப் படிக்கத்தான் செய்யறேன். எங்கயும் மாத்தலையே."

"மிஷின் பொய் சொல்லுமா?"

சடையப்பன் நெருங்கி வந்தான். "இன்னா சார் சொல்றீங்க?"

அப்பாதுரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதினவன் தப்பா எழுதிட்டான்பா" என்றார்.

சுவரில் சாய்த்திருந்த இரும்புப் பைப்பைச் சடையப்பன் எடுத்ததைத் தமிழ்நிலா பார்த்தாள். அடிப்பான் என்று அவள் மனம் நம்புவதற்குள் பைப் ஆரோக்கியராஜின் முட்டியில் இறங்கிவிட்டது. அவன் ஒரு பக்கமாக மடங்கினான். இரண்டாவது அடி தாடையில். பல்லோடு ரத்தம் லேப்டாப் மேல் சிதறியது. சித்தப்பா மகன்கள் அவன் காலைப் பிடித்துப் பாத்திக்கு இழுத்துப்போனார்கள். வெயிலில் சுண்டித் தடித்திருந்த உப்புத் தண்ணீரில் முகத்தை அமுக்கினார்கள். தலையைத் தூக்கினார்கள், மறுபடி அமுக்கினார்கள். கிழிந்த கன்னத்தில் உப்பு ஏறி அவன் போட்ட கூச்சலில் வரப்பில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"விடுங்க! செத்துடுவான்!" தமிழ்நிலா குறுக்கே விழுந்தாள். ஒருவன் அவளை அறைந்து தள்ளினான். போலீசைக் கூப்பிட எடுத்த ஃபோனை இன்னொருவன் பிடுங்கிப் பாத்தியில் எறிந்தான். அவள் எழுந்து பார்த்தபோது அப்பாதுரையின் கார் மண் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

உப்பு வாருகிற சவரியம்மாள்தான் சடையப்பனின் கையைப் பிடித்துத் தொங்கினாள். "டேய், இவனக் கொன்னுட்டு நீ ஜெயிலுக்குப் போனா, கையில்லாதவனுக்கு யாருடா சோறு போடுவா?"

சடையப்பன் மூச்சு வாங்கினான். ஆரோக்கியராஜைத் தூக்கிவந்து கொட்டகைத் தூணில் கட்டச் சொன்னான். தன் ஃபோனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"சொல்லு. எந்தம்பி கைய நான்தான் எடுத்தேன்னு சொல்லு. ஊருக்கே அனுப்பறேன்."

"நான் பண்ணலண்ணா."

பைப் அதே முட்டியில் மறுபடியும் இறங்கியது. ஆரோக்கியராஜால் கத்தக்கூட முடியவில்லை. ரத்தமும் உப்பும் வழிகிற முகத்தைத் தமிழ்நிலா பக்கம் திருப்பினான்.

"தமிழ், நெஜமாவே நான் எழுதின கோட்தானா?"

அந்தக் கேள்வி, வாங்கிய அறையைவிட அவளுக்கு வலித்தது. ரெண்டு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவன் தன்னையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டான். அவள் லேப்டாப் முன்னால் மண்டியிட்டாள். திரையிலிருந்த ரத்தத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். அப்பாதுரை நிறுத்திய இடத்திலேயே எல்லாம் நின்றிருந்தது.

"இன்னாம்மா பண்ற?" சடையப்பன் பைப்போடு திரும்பினான்.

"பாத்துச் சொல்றேண்ணா. இவன்தான்னா இவன்தான்னு சொல்லிடறேன். அதுவரைக்கும் அடிக்காதீங்க."

அவன் பைப்பைத் தாழ்த்தினான்.

டீபக்கர் நின்றிருந்த கட்டளையை அவள் படித்தாள். அதற்கு முந்தியதையும் படித்தாள். லாக்கில் எதையாவது எழுதுகிற கட்டளை அங்கே இல்லவே இல்லை. எழுதாமல் ஒன்று எப்படிச் சைபர் ஆகும்?

ஒரு ஃபங்ஷன் வேலை தொடங்கும்போது, தன் உபயோகத்துக்கு மெமரியில் கொஞ்சம் இடம் பிடிக்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னைக் கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பும். இந்தக் கடைசிச் சில கட்டளைகளுக்கு எபிலோக் என்று பெயர். அப்பாதுரை கண்காணிக்கச் சொன்னது உண்மையான லாக்கை அல்ல. ஆரோக்கியராஜின் ஃபங்ஷன் படித்துத் தன் இடத்தில் வைத்துக்கொண்ட நகலை. எபிலோக்கில் அந்த இடம் கைமாறிவிடுகிறது. அது தெரியாமல் டீபக்கர் பழைய கணக்கை வைத்து வேறு எங்கோ பார்க்கும். அங்கே கிடக்கிற ஏதோ ஒரு சைபரை லாக் என்று நினைத்து, மாறிவிட்டது என்று கத்தும்.

நல்ல டீபக்கர், ஃபங்ஷன் முடிகிற இடத்தை அடையாளம் கண்டு வாயை மூடிக்கொள்ளும். ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருந்தது ரிஸ்க்-ஃபைவ் வகைச் சின்ன சிப். இடத்தை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு ஃபங்ஷனின் எபிலோக்கையும் தனித்தனியாக வைக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். ஃபங்ஷன்கள் முடியும்போது அங்கே தாவும். திரும்பு என்ற கட்டளையை ஃபங்ஷனின் வாலில் தேடிய டீபக்கருக்கு அது கிடைக்கவில்லை. ஃபங்ஷன் இன்னும் முடியவில்லை என்றே நினைத்துக்கொண்டது.

"மிஷின் பொய் சொல்லிருக்கு" என்றாள் தமிழ்நிலா.

"யாரக் காப்பாத்தறதுக்கு இந்தக் கதை?"

"நீங்களே பாருங்கண்ணா. செவப்பு பட்டன அமுக்குங்க."

சடையப்பன் அமுக்கினான். இந்த முறை அவள் நகலை விட்டுவிட்டு, உண்மையான லாக் இருக்கும் மெமரி இடத்தைக் கண்காணிக்கச் சொன்னாள். அந்த இடம் எந்த ஃபங்ஷன் முடிந்தாலும் கைமாறாது. புரோகிராம் ஓடியது. ஆரோக்கியராஜின் ஃபங்ஷன் வந்து வந்து போயிற்று. டீபக்கர் நிற்கவில்லை. லாக் ஒன்றிலேயே இருந்தது.

"இவன் எழுதினது லாக்கத் தொடவே இல்ல."

"அப்ப மோட்டாரு தானா ஓடுச்சா?"

அவள் யோசித்தாள். பட்டன் அமுக்கியிருக்கும்போது மோட்டாரை வேறு எப்படி ஓட்ட முடியும்? "தெனமும் மோட்டார யாரு போடுவாங்க?"

"நான்தான். ஃபோன்ல."

"நேத்தும் போட்டீங்களா?"

சடையப்பனின் முகத்தில் ஏதோ அசைந்தது. "பஸ் ஸ்டாண்டு டீக்கடைல இருந்தேன். அமுக்கினேன். ஓடலன்னு காட்டுச்சு. மறுபடி அமுக்கினேன்."

"எப்படி அமுக்கினீங்களோ, அதே மாதிரி இப்ப அமுக்குங்க."

"நெட்டு வரலன்னா வெரல எடுக்காமப் புடிச்சிக்கோ, ஓடிடும்னு உங்க சார்தான் சொல்லிக் குடுத்தாரு" என்று சொல்லிக்கொண்டே அவன் ஃபோனில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தான்.

திரை நின்றது.

லாக்கில் சைபரை எழுதுகிற கட்டளை இந்த முறை கண் முன்னால் இருந்தது. அது இருந்த ஃபங்ஷன் அப்பாதுரை எழுதியது. ஓடவில்லை என்று உப்பளக்காரர்கள் அடிக்கடி கூப்பிடுவதால், அழுத்திப் பிடித்தால் லாக்கையே கழற்றி மோட்டாரை ஓட்டும்படி, மற்ற இருவருக்கும் சொல்லாமல் அவர் சேர்த்திருந்தார். தமிழ்நிலா, தொடரட்டும் என்ற கட்டளையைத் தட்டினாள்.

அப்பாவுவின் ரத்தம் காய்ந்திருந்த பெல்ட் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. சிவப்பு பட்டன் அமுங்கியபடியே இருந்தது.

சடையப்பன் ஃபோனிலிருந்து விரலை எடுத்துவிட்டு அந்த விரலையே பார்த்தான்.

"நானா?" என்றான். பிறகு கொட்டகையே அதிரும்படி, "நானா எடுத்தேன்?" என்று கத்திக்கொண்டு பெல்ட்டை நோக்கிப் பாய்ந்தான்.

தமிழ்நிலா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். முழங்கையால் அவள் மூக்கில் இடித்தான். கண் இருண்டு அவள் விழுந்தாள்.

"தமிழ்! மெயின ஆஃப் பண்ணு!" தூணில் கட்டியிருந்த ஆரோக்கியராஜ்தான் கத்தினான். "ஆஃப் பண்ணு, கைய உள்ள விடறான்!"

அவள் தவழ்ந்துபோய் மெயின் ஸ்விட்சை இழுத்தாள். மின்சாரம் போயும் சக்கரம் ஓட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சடையப்பனின் உள்ளங்கைத் தோலை உரித்து, இரண்டு விரல்களை முறித்துவிட்டுத்தான் நின்றது. சித்தப்பா மகன்கள் அவனைத் தரையில் போட்டு மேலே உட்கார்ந்தார்கள். அவன் மண்ணில் நெற்றியை மோதிக்கொண்டே இருந்தான். ஆரோக்கியராஜின் கட்டைச் சவரியம்மாள் அவிழ்த்தாள்.

ஆரோக்கியராஜின் முட்டியில் கம்பி வைத்தார்கள். இனி மடங்காது என்றார் டாக்டர். அவனை அடித்த வழக்கில் சடையப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஜெயிலுக்குப் போனான். அப்பாதுரையைப் போலீஸ் பிடித்து விசாரித்தபோது அவர் அதே டீபக்கரை ஓடவிட்டு, அதே திரையைக் காட்டி, அதே பழியை ஆரோக்கியராஜ் மேல் போட்டார். பார்த்தவர்கள் நம்பினார்கள்.

வேலையை விட்டிருந்த தமிழ்நிலா, வீட்டில் உட்கார்ந்து டீபக்கரையே திருத்தினாள். அதன் புரோகிராம் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடியது. ஒரு ஃபங்ஷன் பொதுவான முடிவுக்குத் தாவினால் அதையும் எபிலோக் என்று எடுத்துக்கொள், அங்கே கண்காணிப்பை நிறுத்து என்று அதற்குக் கற்றுக்கொடுத்தாள். முதல் முயற்சியில் அது எங்குமே நிற்காமல் ஊமையாகிவிட்டது. அதைச் சரிசெய்வதற்குள் அழுகையே வந்துவிட்டது. கடைசியில், போலீஸ் வரவழைத்த நிபுணர் முன்னால் ஓட்டிக்காட்டினாள். ஆரோக்கியராஜின் ஃபங்ஷன் சத்தமில்லாமல் முடிந்து திரும்பியது. உண்மையான லாக்கையும் கண்காணிக்கச் சொல்லி ஃபோனில் அழுத்திப் பிடித்தபோது, அப்பாதுரையின் ஃபங்ஷனில் மட்டும் திரை நின்றது. வழக்கு அவர் மேல் திரும்பியது.

அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பாவு மேல்மாடி வார்டில் இன்னும் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி, "உங்க அண்ணன் வேணும்னு செய்யல. அவருக்கு லாக் விழுந்தது தெரியாது" என்றாள் தமிழ்நிலா.

அப்பாவு கூரையைப் பார்த்தபடி, "தெரியும்" என்றான். "மோட்டாரு ஓடுனப்பவே அவன்தான்னு தெரியும். அவன் அப்படித்தான் விடாமப் புடிச்சி அமுக்குவான். சொன்னா தாங்க மாட்டான்னு சொல்லல. இவளயும் வாயத் தொறக்காதன்னேன்."

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா எங்க ராஜோட காலு இருந்திருக்கும்" என்றாள் தமிழ்நிலா. குரல் உயர்ந்ததில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். அப்பாவு சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தான்.

அவள் படியிறங்கிக் கீழ் வார்டுக்கு வந்தாள். ஆரோக்கியராஜ் தலையணையில் சாய்ந்திருந்தான்.

"அப்பாவு இன்னா சொன்னாரு?"

மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகு கேட்டதை அப்படியே சொன்னாள்.

அவன் கம்பி வைத்த காலைக் கையால் நகர்த்தி வைத்தான். "சடையப்பன் மேல இருக்கற கேஸ நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "கால் ரொம்ப வலிக்குது தமிழ். நர்ஸக் கூப்பிடேன்" என்றான்.

அவள் கூப்பிடப் போனாள்.