கசியானின் மாணவர்கள்

ஜாவா இல்லாமல் தியோடருக்குப் பேச வராது. பலகையில் நாலு வரி நிரல் எழுதிவிட்டால் இரண்டு மணி நேரம் பேசுவான்; மளிகைக் கடைக்காரரிடம் இரண்டு நிமிடம் பேச வியர்த்துவிடும். அதனால்தான் வெள்ளிக்கிழமையை நினைத்துப் பயந்தான்.

அமீர்பேட்டையில் அவன் வேலை பார்த்த பயிற்சி நிறுவனத்தில் பேட்ச் முடியும் நாளன்று மாணவர்கள் ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவார்கள். ஐந்துக்கு மூன்றுக்குக் கீழே போனால் ஜாவா கையை விட்டுப் போய்விடும். போன முறை மூன்று புள்ளி ஒன்று. இந்த முறை, செல்போன் ஒலித்ததற்காகப் பதினோரு பேரை வெளியே அனுப்பியிருந்தான்.

மாரெட்பள்ளி வீட்டில் அவன் மனைவி ஸ்டெஃபி புனிதர்கள் வரலாற்றைப் புரட்டி வாத்தியார்களுக்கென்றே ஒருவரைக் கண்டுபிடித்தாள்.

"புனித கசியான். ரோமாபுரி காலத்து வாத்தியாராம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்காரு."

"எப்படிச் செத்தாரு?"

ஸ்டெஃபி புத்தகத்தை மூடப் பார்த்தாள். அவன் பிடுங்கிப் படித்தான். பழைய தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த கசியானை நீதிபதி அவருடைய மாணவர்களிடமே ஒப்படைத்தார். மெழுகுப் பலகையில் எழுதும் இரும்பு எழுத்தாணிகளால் பையன்கள் அவரைக் குத்திக் கொன்றார்கள்.

"ஹவ், ஆமா, பிரமாதம். பசங்க கையாலயே செத்தவரு என்னைக் காப்பாத்துவாரா? நக்கோ, வேண்டாம்."

"பட்டவருக்குத்தானே தெரியும்? பேசாம பையில வெச்சுக்கோங்க" என்று படத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தந்தாள். கட்டப்பட்ட தாடிக்காரர், சுற்றிலும், பரீட்சை முடிந்த நாளின் முகத்தோடு சிறுவர்கள்.

வெள்ளிக்கிழமை படிவங்களைக் கொடுக்கக் குனிந்தபோது படம் விழுந்தது. எடுத்தவன் மதுரைக்காரன் பாலா. இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டவன்.

"யாரு சார் இது, உங்க தாத்தாவா?"

"ஒரு வாத்தியார்."

"சுத்தி நிக்கிறவய்ங்க?"

"அவரோட ஸ்டூடண்ட்ஸ்."

"என்ன சார் பண்றாய்ங்க?"

"ஃபீட்பேக் குடுக்குறாங்க."

பாலா அதைத் தமிழ் தெரியாத மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். வகுப்பே கதையைக் கேட்டது. பத்து வாரத்தில் இடைவேளையைத் தவிர அவர்கள் எதையும் கேட்டதில்லை. தியோடர் பலகையின் பக்கம் திரும்பாமலே சொன்னான். லீவு தராத வாத்தியார் மேல் பையன்களுக்கு இருந்த கோபத்தையும், எல்லோரிலும் சின்னவனின் எழுத்தாணி தோலைத் தாண்டாததையும், 'பயப்படாதே, அழுத்து' என்று கசியானே அவனிடம் சொன்னதையும் சொன்னான். நடுவில் ஒரு செல்போன் ஒலித்தது. அதன் சொந்தக்காரன் தானாகவே எழுந்து வெளியே போனான். சுபாஸ்ரீ என்ற மாணவி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி, எழுதுங்க. கார்பன் வெச்சு மூணு காப்பி. நல்லா அழுத்தணும்" என்றான் தியோடர்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாற்பது பேரும் பேனாவைக் கையில் பிடித்தபடி அவனைப் பார்த்தார்கள்.

மாலையில் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் கூப்பிட்டார்.

"மூணாவது காப்பில ஒண்ணுமே விழலை. பூனை மாதிரி எழுதியிருக்கா. முதல் காப்பிப்படி, பாடம் புரிஞ்சுதாங்கற கேள்விக்கு ரெண்டு புள்ளி ரெண்டு. பேச்சு நன்னா இருந்துதாங்கறதுக்கு அஞ்சுக்கு அஞ்சு. நாப்பது பேரும்! திங்கக்கிழமைலேர்ந்து நீங்க பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கிளாஸ் எடுக்கறேள்."

"ஜாவா?"

"அதை வேற யாராவது பாத்துப்பா."

வீட்டில் ஸ்டெஃபி ஏற்கெனவே மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள்.

"வேலை போகலல்ல?"

"ஜாவா போச்சு. நீ என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"வேலைன்னு பொதுவாத்தான் சொன்னேன். அந்தக் காலத்து மனுஷன். ஜாவான்னா குழம்பிடுவாருன்னு விட்டுட்டேன்."

தியோடர் அன்றிரவு சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து 'குட் மார்னிங்' சொல்லிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை, கணினி இல்லாத அறையில் முப்பது புது முகங்கள் காத்திருந்தன. அவன் பழக்கத்தில் பலகையின் பக்கம் திரும்பினான். முன்வரிசையில் இருந்த சபீனா என்ற பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார், நாலு பேரு முன்னாடி பேசணும்னாலே எனக்குப் பயமா இருக்கு சார்."

"எனக்கும்தாம்மா" என்று சொல்லிவிட்டு, தியோடர் ஒரு நாற்காலியை அவர்கள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.