ஒரு தரம், ரெண்டு தரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் ஆலய ஏலத்தில். அருமனைக்கு உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்கே அறுப்பின் பண்டிகை. நண்பர் கூப்பிட்டாரென்று சாப்பாட்டுக்குப் போயிருந்தேன் (எழுதுகிறவன் உண்மையைச் சொல்லத் தொடங்கினால் முதலில் வருவது வயிறுதான்). வாழைக்குலை, சேவல், மரச்சீனிக் கிழங்கு என்று ஏலம் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஒரு பெண் அதை எடுத்தாள். எடுத்தவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து நானே கட்டியது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெபிஷா என்று வைத்துக்கொள்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஷிஜின் அந்த வளைவில் வண்டியைச் சாய்த்தபோது எதிரே ரப்பர் பால் ஏற்றிய

(விட்டுவிட்டேன். பெபிஷாவின் கணவன் ஷிஜின் வண்டியில் சாகவில்லை. மஸ்கட்டில், வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வயது நெஞ்சு. வண்டி அவனைக் கொன்றிருந்தால் எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்கும். வெறுக்க ஒரு பொருள் கிடைத்திருக்கும். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக் கொட்டகையில் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.)

இரண்டாவது தொடக்கம்:

வண்டி வந்து இறங்கிய அன்று பெபிஷாவின் மாமியார் லீலாபாய் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறதுக்குப் பதிலா தெங்குல ஏறலாமே மக்கா" என்றாள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.* மண்ணிலும் மேட்டிலும் குதிக்கிற வண்டியின் உடம்பு. ஆனால் சக்கரம் மட்டும் தார்ச் சாலைக்கானது. ஒற்றை சிலிண்டர். எடை குறைவு, உயரம் அதிகம். சூப்பர்மோட்டோ என்று பெயர். இருக்கை பலகை மாதிரி. பின்னால் உட்காருகிறவர் ஓட்டுகிறவரின் மேல் மிகுந்த அன்பு வைத்திருந்தால்தான் கடையாலுமூடு வரை தாங்க முடியும். பெபிஷா அதையும் தாண்டிப் பேச்சிப்பாறை வரை போய்வந்திருக்கிறாள்.

வருடத்தில் ஒரு மாத லீவு. வந்து இறங்கினால் ஷிஜினுக்கு அந்த வண்டிதான். நேர்சாலையில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. காற்று நெஞ்சில் அடிக்கும், எஞ்சின் நடுக்கம் பல்வரை ஏறும். ஆனால் நம்முடைய மேற்குப் பக்கத்தில் நேர்சாலை எங்கே இருக்கிறது? ரப்பருக்குள் நெளிந்து, ஓடையைத் தாண்டி, ஒரு சிலுவையடியில் திரும்பி மறுபடி நெளிகிற சாலைகள். அங்கே அது ஓடவில்லை, விளையாடியது. அகலமான ஹேண்டிலை லேசாகத் தள்ளினால் போதும், வண்டி சொன்ன இடத்தில் திரும்பும். அவன் வளைவுகளில் உள்பக்கக் காலை நீட்டிக்கொண்டு போவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அதன் கண்ணாடிகளில் ஓடும்போது எதுவும் தெரியாது. எல்லாம் நடுங்கும்.

"ஏட்டி, எஞ்சின ஆஃப் பண்ணினாத்தான் உன் மொகம் தெளியுது" என்பான். அதற்காகவே வழியில் நிறுத்துவான். கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி கிளப்புவான்.

கடைசி லீவில் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். அவளுக்கு இரண்டு காலும் தரையில் எட்டவில்லை.

"அத்தான், விழுந்திருவேன்."

"பேடிக்காதட்டி. ரெண்டு கால் எதுக்கு? நிக்கும்போ கொஞ்சம் இடப்பக்கமாட்டு நகந்து இரி. ஒத்தக் கால் போதும்."

(இந்த வரியை எழுதியதும் எனக்கே சந்தேகம் வந்தது. ஒற்றைக் கால், ஒற்றை மனுஷி என்று வாசகர் முடிச்சுப் போட்டுவிடுவார். எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் குட்டையானவர்கள் உயரமான வண்டியை அப்படித்தான் நிறுத்துகிறார்கள். இருக்கட்டும்.)

* எனக்கு ஸ்கூட்டர்தான் தெரியும். நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டு எழுதினேன். தப்பிருந்தால் அது என் காதின் தப்பு.

4

கதைக்கு ஒரு வில்லி வேண்டுமென்று லீலாபாயை அப்படி எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துவரவில்லை.

ஓட்டாமல் விட்டால் பேட்டரி செத்துவிடும். அதனால் அடக்கத்துக்குப் பிறகு, சனிக்கிழமைதோறும் பெபிஷா வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் அடுக்களையில் இருக்கும் லீலாபாய் கையைக் கூடத் துடைக்காமல் வாசலுக்கு வந்துவிடுவாள். பிள்ளை வந்துவிட்டான் என்று கால்கள் முதலில் ஓடிவரும். அவன் இல்லையென்பது பிறகுதான் வரும். அப்படியே நின்று, பின் உள்ளே போவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்கு மகன் ஒருமுறை வந்து ஒருமுறை செத்தான்.

அவள்தான் ஆலயப் போதகரான ஐயரிடம் போய், வண்டியை அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மாமி."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ. எனக்க மனசு மாறிரும்." லீலாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தச் சத்தம் என்னால தாங்க ஒக்கல்ல மக்களே. ஆலயத்துக்குக் குடுத்தாச்சு. இனி அது நம்ம வண்டி இல்ல."

கடவுளுக்குக் கொடுத்ததை யார் திருப்பிக் கேட்பது? ஆனால் ஏலத்தில் யாரும் எடுக்கலாமே. தானே எடுப்பது என்று பெபிஷா முடிவு செய்தாள். கொட்டாரத்தில் அவள் அம்மா வீடு இருக்கிறது. வயலுக்கு நடுவே நேரான சாலை. லீலாபாயின் காதுக்கு எட்டாத தூரம். இருந்தும், அடக்கத்தில்கூட அழாத பெபிஷா அன்று கொட்டகையில் வண்டியின் பெட்ரோல் தொட்டியில் நெற்றியை வைத்து அழுதாள்.

5

பண்டிகையன்று காலையில் வண்டியை ஆலயத்துக்குக் கொண்டுபோக ஆள் வந்தது. வந்தவர்கள் அதன் உயரத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போகிறோம் என்றார்கள். "நான் ஓட்டியாறேன்" என்றாள் பெபிஷா. லீலாபாய் முன்னமே ஆட்டோவில் போய்விட்டிருந்தாள்.

அவள் தனியாகச் சாலையில் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. அவனுடைய ஹெல்மெட் தலையில் ஆடியது. ஆலயம் பக்கத்தில்தான். ஆனால் அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். கடையாலுமூடு சாலையில், மழை நனைத்த ரப்பர் இலைகளின் மேல், பயந்து பயந்து போனாள். முதல் வளைவில் வேகத்தைக் குறைத்தாள். இரண்டாவதில் குறைக்கவில்லை. வண்டி தானாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவன் என்ன சுகத்துக்காக இதை வாங்கினான் என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. விளங்கிய நேரத்தில் சொல்ல அவன் இல்லை. ஓரமாக ஒதுங்கி இடப்பக்கம் நகர்ந்து ஒற்றைக் காலை ஊன்றினாள். எஞ்சினை நிறுத்தினாள். கண்ணாடி தெளிந்தது. பின்னால் வெறும் சாலை கிடந்தது.

ஆலய வளாகத்துக்குள் வண்டிச் சத்தம் நுழைந்தபோது பந்தலில் பெண்கள் வரிசையில் ஒருத்தி சட்டென்று எழுந்து நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லீலாபாய் மெல்ல உட்கார்ந்தாள்.

6

வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை. இந்த ஏலத்தில் ஊர்க்காரர் யாரும் பொருளுக்கு ஆசைப்பட்டு எடுப்பதில்லை. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை "திரும்ப ஆலயத்துக்கே" என்று சொல்லிவிடுவார். மறுபடி ஏலம். ஒரே சேவல் பல பேர் கைமாறியும் கட்டின இடத்திலேயே நிற்கும். அப்படிக் கொடுக்காமல் கொண்டுபோனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள்.

ஏலம் கூறியவர் ரசலையன். நல்ல மனிதர், பெரிய குரல். எவ்வளவுக்குப் போனது என்பது நமக்கு வேண்டாம். பெபிஷா கை தூக்கியதும் மற்றவர்கள் மரியாதைக்காகக் கையை இறக்கிக்கொண்டார்கள். மூன்று தரமும் சொல்லியாயிற்று.

'எனக்கு வேணும்.' வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த இரண்டே சொல். வாயைத் திறந்தாள். எதிரே பந்தலில் லீலாபாயின் முகம். எழுந்து நின்று உட்கார்ந்த அதே முகம்.

அந்த இடைவெளியை ரசலையன் தன் நல்ல மனதால் நிரப்பிவிட்டார்.

"நம்ம பெபிஷா, ஷிஜினுக்க நெனவா எடுத்து, திரும்ப ஆலயத்துக்கே தந்திருக்கா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் நடுவில் இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. உங்களால் முடியுமா?

7

முடிவுகள்.

(அ) அவள் சொல்லிவிடுகிறாள். "இல்லண்ணே, எனக்கு வேணும்." லீலாபாய் எழுந்து வந்து சாவியை அவள் கையில் வைத்து "கொண்டு போ மக்களே" என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பிக்கை வரவில்லை. கிழித்துவிட்டேன்.

(ஆ) குலசேகரத்திலிருந்து வந்த வினோஜ் என்ற வாலிபன் எடுத்துப் போகிறான். வண்டி வாசலைத் தாண்டுகிறது. சத்தம் தேய்ந்து தேய்ந்து

(இதை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

(இ) இரண்டாம் சுற்று நடக்கிறது. வினோஜ் கேட்டிருக்கிறான். "ஒரு தரம்" என்கிறார் ரசலையன். பெபிஷா பந்தலுக்கு முதுகு காட்டி வண்டிப் பக்கம் திரும்பியிருக்கிறாள். வண்டியைப் பார்க்கவில்லை; அதன் கண்ணாடியைப் பார்க்கிறாள். எஞ்சின் ஓடவில்லை, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் பந்தல், பெண்கள் வரிசை, மாமி. "ரெண்டு தரம்." லீலாபாயின் வலக்கை மடியிலிருந்து எழும்புகிறது. முகத்தைத் துடைக்கவா, ஏலம் கேட்கவா என்று தெரியவில்லை. நெஞ்சு வரை வந்துவிட்டது. அங்கிருந்து கண்ணுக்கும் போகலாம், தலைக்கு மேலேயும் போகலாம்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். லீலாபாய் ஏலம் கேட்டால் அந்தச் சத்தம் மறுபடி அவள் வீட்டுக்கு வரும். கேட்காவிட்டால் இனி ஒருபோதும் வராது. இதில் எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று கண்டுபிடிக்க முடியாமல்தான் இத்தனை பக்கமும் எழுதினேன்.

ரசலையன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூணாவது தரத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் அந்தக் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.